சப்ஜா வேறு, சியா வேறு: சால்வியாச் செடிகளைப் பற்றி ஓர் உரை

 

மேசை மேல் இரண்டு கண்ணாடி டம்ளர்கள் இருக்கின்றன. இரண்டிலும் தண்ணீர் இருக்கிறது. இடது பக்க டம்ளரில் ஒரு தேக்கரண்டி சப்ஜா விதையும், வலது பக்க டம்ளரில் ஒரு தேக்கரண்டி சியா விதையும் இப்போதுதான் போட்டது. அவை ஊறட்டும். பேச்சின் நடுவில் ஒரு தடவையும் கடைசியில் ஒரு தடவையும் பார்க்கலாம்.

இன்றைய பேச்சு சால்வியா என்ற செடி வகையைப் பற்றியது. ஆங்கிலத்தில் இதற்குச் சேஜ் என்று பெயர். அதே ஆங்கிலச் சொல்லுக்கு முனிவர் என்றும் ஒரு பொருள் உண்டு. அதனால் இதை ‘முனிவர் செடி’ என்று மொழிபெயர்த்து விடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது தவறு. இரண்டும் ஒலியில் ஒன்றானாலும் வேரில் வேறான சொற்கள். செடியின் பெயர் லத்தீன் மொழியில் உள்ள சால்வியா என்பதிலிருந்து வந்தது. காப்பாற்றுதல், நலமாக்குதல் என்ற பொருள் தரும் சொல்லோடு அது உறவுடையது. பழைய காலத்தில் ஐரோப்பியர்கள் இதை மருந்தாக நம்பினார்கள் என்பது பெயரிலேயே தெரிகிறது.

சால்வியா என்பது ஒரே ஒரு செடி இல்லை. உலகம் முழுவதும் சுமார் ஆயிரம் வகைகள் இருக்கின்றன. ஆயிரமும் துளசிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. துளசி, புதினா, தும்பை, கற்பூரவள்ளி எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

ஒரு செடி இந்தக் குடும்பமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வீட்டுக்குப் போனதும் துளசியின் இளந்தண்டை இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பாருங்கள். வழுவழுவென்று உருளாது. நான்கு மூலைகள் விரலில் தட்டும். இலைகள் எதிரும் புதிருமாக ஜோடி ஜோடியாக இருக்கும். பூவுக்கு மேல் உதடு, கீழ் உதடு என்று இரண்டு உதடுகள். இலையைக் கசக்கினால் பெரும்பாலும் வாசனை வரும். சால்வியாவிலும் இதெல்லாம் உண்டு.

பிறகு வித்தியாசம் என்ன? துளசிப் பூவில் மகரந்தக் கம்பிகள் நான்கு. சால்வியாப் பூவில் இரண்டே இரண்டு. பல சால்வியாக்களில் அந்த இரண்டும் ஏற்றம் போல வேலை செய்கின்றன. கிணற்று ஏற்றத்தில் ஒரு பக்கம் மிதித்தால் மறுபக்கம் எழும், இல்லையா? தேனீ தேனுக்காகப் பூவுக்குள் தலையை நுழைக்கும். கம்பியின் அடி முனையை அது முட்டித் தள்ளும். உடனே மேல் முனை சாய்ந்து தேனீயின் முதுகில் மகரந்தப் பொடியைத் தடவிவிடும். தேனீ அடுத்த பூவுக்கு அதைச் சுமந்துகொண்டு போகும். இவ்வளவு சின்னப் பூவுக்குள் இப்படி ஓர் ஏற்றம்! தோட்டத்தில் சால்வியா இருந்தால் ஒரு புல் நுனியை உள்ளே விட்டுப் பாருங்கள். குழந்தைகளுக்கும் காட்டுங்கள்.

இனி, வகைகளைப் பார்க்கலாம். முதலில் சமையல் சால்வியா. இதன் சொந்த ஊர் மத்தியதரைக் கடல் ஓரம். குரோஷியா, அல்பேனியா நாடுகளின் பாறைச் சரிவுகளில் தானாகவே வளருகிறது. இலை சாம்பல் பூத்த பச்சையாக, வெல்வெட் துணி போல இருக்கும். ஐரோப்பாவில் இறைச்சிச் சமையலில் இதைப் போடுவார்கள். தொண்டை வலித்தால் இலையைக் கொதிக்க வைத்துக் கொப்பளிப்பார்கள். அதிகமாக வியர்க்கிறவர்களும் இதன் கஷாயத்தைக் குடிப்பதுண்டு.

இதற்கு ஓர் அக்காள் தங்கை உறவு வகை இருக்கிறது. கிரீஸ், துருக்கி நாடுகளில் வளருவது. அங்கே அதைத் தேநீராகவே குடிக்கிறார்கள். பாலஸ்தீன மக்கள் சால்வியா இலையை மரமியா என்று அழைத்து, சர்க்கரை போட்ட கருந்தேநீரில் சேர்த்துக் குடிக்கிறார்கள். இந்தியாவில் இஞ்சி, ஏலக்காய் போடுகிற மாதிரிதான்.

சமையல் சால்வியாவில் ஓர் எச்சரிக்கை உண்டு. இலை வேறு, இலையிலிருந்து எடுத்த எண்ணெய் வேறு. இலையில் துஜோன் என்ற பொருள் இருக்கிறது. குழம்பில் போடுகிற இரண்டு இலையில் அது கொஞ்சம்தான். எண்ணெயிலோ அது திரண்டு இருக்கும். சின்னப் பாட்டிலில் அடைத்த சேஜ் எண்ணெயைக் குடித்த குழந்தைகளுக்கு வலிப்பு வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இயற்கையானது என்று பாட்டிலில் எழுதியிருக்கலாம். அரளியும் இயற்கைதானே? இந்த எண்ணெயை யாரும் உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருந்தளவிலான சால்வியாவைத் தவிர்க்க வேண்டும். பாலூட்டும் தாய்மார்களும் தவிர்ப்பது நல்லது. தாய்ப்பாலை நிறுத்துவதற்கென்றே இதைக் குடிக்கும் வழக்கம் சில நாடுகளில் இருந்து வந்திருக்கிறது.

அடுத்தது கிளாரி சேஜ். இதன் விதை தண்ணீர் பட்டால் வழவழப்பாகும். கண்ணில் தூசி விழுந்தால் இந்த விதையைக் கண்ணுக்குள் விட்டு, தூசியை ஒட்டி எடுப்பது ஐரோப்பாவின் பழைய கைவைத்தியம். அதைக் கேட்டுவிட்டு இன்று யாரும் செய்து பார்க்க வேண்டாம். கண்ணில் தூசி விழுந்தால் சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள். போகாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கிளாரி சேஜுக்கு இன்று பெரிய வேலை வாசனைத் தொழிலில் இருக்கிறது. திமிங்கலத்தின் குடலில் அம்பர் என்று ஒரு பொருள் உருவாகிறது. அது வாசனைத் திரவியத்துக்கு மிகவும் விலை உயர்ந்தது. இந்தியாவில் அதை விற்பது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கடலோர ஊர்களில் அதை வைத்திருந்தவர்கள் கைதான செய்தியைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். அந்த அம்பருக்குப் பதிலான வாசனைப் பொருளைக் கிளாரி சேஜிலிருந்து செய்ய முடியும். அதற்காகவே அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் இதைப் பயிர் செய்கிறார்கள். ஒரு செடி ஒரு திமிங்கலத்துக்கு உதவுகிறது!

சீனாவில் டான்ஷென் என்று ஒரு சால்வியா இருக்கிறது. அதன் வேர் செங்கல் நிறமாக இருக்கும். ஷென்னோங் பென்சாவ் என்ற மிகப் பழைய சீன மருந்து நூலிலேயே இது சொல்லப்பட்டிருக்கிறது. இருதயத்துக்கும் ரத்த ஓட்டத்துக்கும் என்று சீன வைத்தியர்கள் இன்றும் கொடுக்கிறார்கள். இது மாத்திரையாகவும் பொடியாகவும் வெளிநாடுகளுக்குப் போகிறது. இருதய வால்வு ஆபரேஷன் செய்தவர்கள் சிலர் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் என்ற மாத்திரை சாப்பிடுவார்கள். அவர்கள் டான்ஷெனைத் தொடவே கூடாது. மாத்திரையின் வேகத்தை அது கூட்டிவிடும். உள்ளுக்குள் ரத்தக் கசிவு ஏற்படும். வீட்டில் அப்படி யாராவது இருந்தால், மூலிகை மருந்து எது சாப்பிட்டாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். திட்டுவாரோ என்று பயந்து மறைக்கிறவர்கள் நிறையப் பேர். திட்டினாலும் பரவாயில்லை, சொல்லிவிட வேண்டும்.

இந்தியாவிலேயே சால்வியா இல்லையா? இருக்கிறது. காஷ்மீரிலும் மேற்கு இமயமலையிலும் பாதை ஓரங்களில் ஒரு வகை வளருகிறது. அகன்ற இலை, அடியில் வெள்ளைப் பஞ்சு போன்ற ரோமம். கிழக்கிந்தியக் கம்பெனியின் மாட்டு வைத்தியராக இருந்து இமயமலையில் பயணம் செய்த மூர்கிராஃப்ட் என்பவரின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். மலை மக்கள் அந்த இலையை அரைத்துப் புண்ணுக்கும் சொறிக்கும் கட்டுகிறார்கள். இன்னும் உயரத்தில் மஞ்சள் பூப் பூக்கும் ஒரு வகை உண்டு. தொட்டால் கையில் பிசுபிசுவென்று ஒட்டும்.

சமவெளியில் வயல் வரப்பிலும் ஈரமான இடங்களிலும் ஒரு சின்னச் சால்வியா களையாக முளைக்கிறது. பூ மிகவும் சிறியது. யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வட இந்தியாவில் இதன் விதைக்குக் கமர்கஸ் என்று ஒரு பெயர் உண்டு. ஆனால் புரச மரத்துப் பிசினுக்கும் அங்கே அதே பெயர்தான். பிரசவித்த பெண்ணுக்கு லட்டில் சேர்த்துக் கொடுப்பது அந்தப் பிசின். கடையில் போய்க் கமர்கஸ் என்று மட்டும் கேட்டால் எது கிடைக்கும்? பெயரைக் கேட்டால் மட்டும் போதாது, பொருளைப் பார்த்தும் வாங்க வேண்டும். யூனானி வைத்தியத்தில் சிவப்புப் பஹ்மன் என்ற வேர் மருந்து உண்டு. அதுவும் ஒரு சால்வியாதான்.

குளிர்காலத்தில் டெல்லிப் பூங்காக்களில் சிவப்புப் பூக்கள் வரிசையாக நிற்குமே, அதுவும் சால்வியா. பிரேசில் நாட்டிலிருந்து வந்தது. அழகுக்கு மட்டும்தான். மலை ஊர்த் தோட்டங்களில் ஊதா நிற வெல்வெட் போலப் பூக்கிற மெக்சிகோ சால்வியாவும் அப்படியே.

ரோஸ்மேரியும் இப்போது சால்வியா ஆகிவிட்டது. பல நூறு ஆண்டுகளாக அது தனி இனம் என்று நினைத்திருந்தார்கள். செடிகளின் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்த அறிஞர்கள், அது சால்வியாக் கூட்டத்தின் நடுவிலேயே வருகிறது என்று கண்டு 2017இல் பெயரை மாற்றினார்கள். நீலகிரியில் சிறு விவசாயிகள் வளர்த்துக் காய வைத்து விற்கிற ரோஸ்மேரி அதுதான். பெயர் மாறியதால் அவர்களுக்கு விலை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இனி அமெரிக்காவின் கலிஃபோர்னியாவுக்குப் போகலாம். அங்கே வெள்ளைச் சேஜ் வளருகிறது. இலை பால் பூசியது போல வெளுத்திருக்கும். அந்த மண்ணின் ஆதிக்குடிகளான சூமாஷ், கஹுயியா போன்ற மக்களுக்கு அது புனிதமான செடி. உணவாகவும் மருந்தாகவும் பயன்படுத்தினார்கள். பறிப்பதற்கு முன் வணங்கி, வேண்டிய அளவு மட்டும் பறிப்பது அவர்கள் வழக்கம். இப்போது அந்த இலையைக் கட்டுக் கட்டாகக் கட்டி, வீட்டில் புகை போடுவதற்கு என்று உலகம் முழுவதும் விற்கிறார்கள். இந்திய நகரங்களிலும் கிடைக்கிறது. எட்டிவாண்டா என்ற இடத்தில் உள்ள பாதுகாக்கப்பட்ட நிலத்தில் திருடர்கள் மூட்டை மூட்டையாக வெட்டிக்கொண்டு போனார்கள். மெதுவாக வளருகிற காட்டுச் செடி அது. அந்த மக்களின் பிள்ளைகள் தங்கள் பூசைக்கு அதைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. வீட்டில் சாம்பிராணியும் வேப்பிலையும் இருக்கும்போது அந்தக் கட்டை ஏன் வாங்க வேண்டும்?

சரி, டம்ளர்களைப் பாருங்கள். இடது பக்கம் சப்ஜா அதற்குள் உப்பிவிட்டது. ஒவ்வொரு விதையைச் சுற்றியும் தெளிவான வளையம் தெரிகிறது. வலது பக்கம் சியா இன்னும் அரைகுறையாகத்தான் ஊறியிருக்கிறது.

சப்ஜா எது? திருநீற்றுப் பச்சிலையின் விதை. ரோஸ் மில்க்கிலும் ஃபலூடாவிலும் போடுவது. அது துளசி இனம், சால்வியா இல்லை. சியா தான் சால்வியா. இரண்டும் ஒன்றுவிட்ட சகோதரிகள் என்று சொல்லலாம்.

சியாவின் சொந்த ஊர் மெக்சிகோவும் குவாத்தமாலாவும். அங்கே அஸ்டெக் மக்களின் அரசு இருந்தது. மக்காச்சோளம், பீன்ஸ், தண்டுக்கீரை விதை, சியா இந்த நான்கும் அவர்களுடைய முக்கிய உணவு. குடிமக்கள் அரசனுக்குச் சியாவைக் கப்பமாகவும் கட்டினார்கள். 1521இல் ஸ்பெயின்காரர்கள் அந்த அரசை வீழ்த்தினார்கள். அதன் பிறகு சியாச் சாகுபடி சுருங்கிப் போனது. ஆனால் அதன் தாவரப் பெயரைப் பாருங்கள், ‘ஸ்பெயின் நாட்டுச் சால்வியா’ என்றே பொருள்! 1753இல் பெயர் வைத்த லின்னேயஸ் என்ற அறிஞர் அது ஸ்பெயின் செடி என்று நினைத்துவிட்டார். நிலத்தை எடுத்துக்கொண்டவர்களுக்கே செடியின் பெயரும் போயிற்று. மெக்சிகோ மக்கள் இன்றும் சியாவைத் தண்ணீரில் ஊற வைத்து எலுமிச்சம் பழம் பிழிந்து குடிக்கிறார்கள்.

இந்தியாவில் சியாவைப் பரப்பியதில் மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்துக்குப் பங்கு உண்டு. மைசூர் மாவட்ட விவசாயிகள் பலர் பயிர் செய்தார்கள். மத்தியப் பிரதேசத்திலும் இது விளைகிறது. பகல் பொழுது குறையும் காலத்தில்தான் சியா பூக்கும். அதனால் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் விதைக்கிறார்கள். மூன்று நான்கு மாதத்தில் அறுவடை. தண்ணீர் குறைவாகப் போதும். இலை வாசனைக்கு ஆடு மாடு அதிகம் வாய் வைப்பதில்லை என்றும் விவசாயிகள் சொல்கிறார்கள்.

இதெல்லாம் நல்ல செய்திதான். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. நெல்லுக்கும் துவரைக்கும் இருப்பது போல, சியாவுக்கு அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலை கிடையாது. பக்கத்து ஊர்ச் சந்தையில் கூடையில் வைத்து விற்கவும் முடியாது. வாங்குகிற வியாபாரிகள் சில இடங்களில் மட்டும் இருக்கிறார்கள். எல்லோரும் ஒரே வருஷம் விதைத்தால் விலை இறங்கும். யார் வந்து ‘சியா போடுங்கள், நாங்களே எடுத்துக்கொள்கிறோம்’ என்று சொன்னாலும், என்ன விலை, எப்போது பணம், எடையும் தரமும் யார் பார்ப்பது என்பதை எழுதி வாங்குங்கள். எழுதியதை நீங்களே எழுத்துக் கூட்டிப் படியுங்கள். புரியாத வரிக்குக் கீழே கையெழுத்துப் போடாதீர்கள். இருக்கிற நிலம் முழுவதையும் ஒரே தடவையில் சியாவுக்கு விடாமல், வீட்டுக்குச் சாப்பாட்டுத் தானியத்துக்கு இடம் வையுங்கள்.

சாப்பிடுகிறவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. 100 கிராம் சியாவில் சுமார் 630 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம். பார்த்தால் சியா பெரியதாகத் தெரியும். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் 100 கிராம் சியாவை ஒரு வேளைக்கு யார் சாப்பிடுவார்? ஒரு தேக்கரண்டியோ இரண்டு தேக்கரண்டியோதான். அது 10 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கிடைப்பது 63 மில்லிகிராம். 100 கிராம் கேழ்வரகு மாவில் களி கிண்டிச் சாப்பிட்டால் 350 அப்படியே கிடைக்கும். விலையையும் சேர்த்துப் பாருங்கள்.

ஒமேகா 3 என்ற நல்ல கொழுப்பு சியாவில் இருப்பது உண்மை. அதே வகைக் கொழுப்பு ஆளி விதையிலும் நிறைய இருக்கிறது. ஆளி விதை விலை மலிவு. வறுத்துப் பொடி செய்து சாப்பிடலாம். மீனில் உள்ள ஒமேகா 3 வேறு வகை. அது உடம்புக்கு நேராகப் பயன்படும். செடி வகையை உடம்பு மாற்றிக்கொள்வது கொஞ்சமே. சியாவில் நார்ச்சத்து அதிகம், 100 கிராமில் 34 கிராம். மலச்சிக்கல் உள்ளவர்களுக்கு உதவும். ஆனால் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். வசதி உள்ளவர்கள் சியா சாப்பிடுவதில் தவறில்லை. கடன் வாங்கிச் சாப்பிடும் அளவுக்கு அதில் அதிசயம் எதுவும் இல்லை.

மிகவும் முக்கியமான விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. ஒரு சர்பத் கடை அம்மா மளிகைக் கடைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சப்ஜா கேட்கிறார். கடைப் பையன் சியாவைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுகிறான். அந்த அம்மா வழக்கம் போல ஐந்து நிமிஷம் ஊற வைத்துக் கொடுக்கிறார். சியாவுக்கு ஐந்து நிமிஷம் போதாது. இருபது, முப்பது நிமிஷம் வேண்டும். ஊறாத சியா வயிற்றுக்குப் போகும் வழியிலேயே உப்ப ஆரம்பிக்கும். அமெரிக்காவில் ஒருவர் உலர்ந்த சியாவை ஒரு மேசைக்கரண்டி விழுங்கிவிட்டு மேலே தண்ணீர் குடித்தார். விதை உணவுக் குழாயிலேயே ஊறிக் கெட்டியாகி அடைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் குழாய் விட்டு அடைப்பை நீக்க வேண்டியதாயிற்று. 2014இல் மருத்துவர்கள் இதைத் தங்கள் கூட்டத்தில் எடுத்துச் சொன்னார்கள். விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் உலர்ந்த சியாவைக் கொடுக்கவே கூடாது.

எப்படி அடையாளம் காண்பது? இந்தத் தட்டில் இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கிறது. சப்ஜா முழுக்கக் கறுப்பு, பளபளப்பு இல்லை. சியாவை உற்றுப் பாருங்கள். சாம்பல், பழுப்பு, கறுப்பு, நடுவில் சில வெள்ளை என்று கலந்திருக்கிறது. ஒவ்வொரு விதையிலும் காடை முட்டை போலப் புள்ளியும் கோடும் தெரியும். மேல்பக்கம் மினுமினுப்பாக இருக்கும். மிகவும் சின்னது. ஆயிரம் விதை சேர்ந்தால்தான் ஒன்றேகால் கிராம் தேறும். சந்தேகம் வந்தால் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் போட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள்.

இப்போது வலது பக்க டம்ளரும் ஊறிவிட்டது. தண்ணீரே கஞ்சி போலக் கெட்டியாகி இருக்கிறது. இரண்டு டம்ளரையும் முன்வரிசையிலிருந்து ஒவ்வொருவராகக் கைமாற்றிக் கொடுங்கள். தட்டைப் பின்னால் உட்கார்ந்திருக்கிற பெரியவர்களிடம் முதலில் காட்டுங்கள். அவர்களுக்கு வெளிச்சம் போதவில்லை என்றால் ஜன்னல் பக்கம் வரச் சொல்லுங்கள்.